42 ஐசிஸ்: எகிப்து தெய்வமா, நுங்கம்பாக்கத்துப் பெண்ணா?

கேள்வி: ஆவடி குமரன்

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் எட்டாம் வகுப்பு. ‘சென்னைக்கும் வானியலுக்கும் உள்ள தொடர்பு’ என்று பள்ளியில் சார்ட் வேலை கொடுத்திருக்கிறார்கள். அவள் நூலகத்தில் எங்கேயோ ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்: மதராஸ் வானிலையத்தில் (நட்சத்திரங்களை ஆராயும் நிலையம்) 25 வருடம் வேலை பார்த்த ஐசிஸ் போக்சன் என்ற பெண்ணின் பெயர் ஒரு சிறுகோளுக்கு, அதாவது சூரியனைச் சுற்றும் ஒரு பெரிய கல்லுக்கு, இருக்கிறது, அதன் எண் 42. அதையே தலைப்பாக வைத்து எழுதிக் கொண்டுபோனாள்.

ஆசிரியை சிவப்பு மையால் அடித்துவிட்டு ‘ஐசிஸ் எகிப்து தெய்வம்’ என்று பக்கத்தில் எழுதி அனுப்பிவிட்டார். பாப்பாவுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. நானும் தேடிப் பார்த்தேன். ஐசிஸ் என்று தட்டினால் தீவிரவாதச் செய்திகள்தான் வரிசையாக வருகின்றன, வீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு பார்க்க முடியவில்லை.

என் கேள்வி இரண்டு. ஒன்று, அந்தச் சிறுகோளுக்கு உண்மையில் யார் பெயர்? இரண்டு, அதன் சுற்றுப்பாதையைச் சார்ட்டில் சரியான அளவில் வரைய வேண்டும் என்கிறாள், அதற்கு என்ன கணக்கு? எனக்கு லேத் மெஷின் தெரியும், வானம் தெரியாது. கொஞ்சம் எளிமையாகச் சொல்லுங்கள்.

பதில் 1: தேம்ஸ்கரைத் தமிழன்

சார், இங்கே ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் வந்தீர்கள் என்றால் தேம்ஸ் ஆற்றையே ஐசிஸ் என்றுதான் சொல்வார்கள். ஊரைத் தாண்டிக் கீழே போனதும் மறுபடி தேம்ஸ் ஆகிவிடும். அந்தச் சிறுகோளை ஐசிஸின் அப்பா நார்மன் போக்சன் கண்டுபிடித்தது ஆக்ஸ்ஃபோர்டு ராட்கிளிஃப் வானிலையத்தில். ஆகவே ஆற்றின் பெயராகவும் இருக்கலாம். ஆசிரியை சொன்னதும் தப்பில்லை, 42 ஐசிஸ் என்பது தெய்வத்தின் பெயர் என்றுதான் பதிவுகளில் இருக்கும். மகள் பெயர் என்பதைக் கதையாக வைத்துக்கொள்ளலாம்.

பதில் 2: பழைய மழைமானி

குமரன் தம்பி, கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை வானிலை ஆய்வு மையத்தில் அப்சர்வராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வளாகம்தான் பழைய மதராஸ் வானிலையம் இருந்த இடம். 1792-ல் கட்டியது. முதல் தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்னும் உள்ளே நிற்கிறது. பதினைந்து அடி உயரம், பத்து டன் எடை, தமிழிலும் தெலுங்கிலும்கூடக் கல்வெட்டு உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதன் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டே ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்திருக்கிறேன். அதனால் இந்தப் பெண் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு, அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் தேதிகள். ஐசிஸ் போக்சன் பிறந்தது 1852 செப்டம்பர் 28. முழுப்பெயர் எலிசபெத் ஐசிஸ். அவள் அப்பா அந்தச் சிறுகோளைப் பிடித்தது 1856 மே 23. அதாவது கல்லுக்குப் பெயர் வருவதற்கு முன்பே குழந்தைக்கு அந்தப் பெயர் இருந்தது. கல்லின் பெயரைக் குழந்தைக்கு வைக்கவில்லை. இதை முதலில் சார்ட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பெயர் வைத்தவர் போக்சன் இல்லை. ராட்கிளிஃப் வானிலையத்தின் தலைவர் மேனுவல் ஜான்சன். போக்சன் அங்கே அவருக்குக் கீழே உதவியாளர். தன் கீழே வேலை பார்க்கும் இளைஞன் புதுக்கோள் ஒன்றைப் பிடித்திருக்கிறான், அவன் வீட்டில் மூன்றரை வயதுக் குழந்தை ஐசிஸ் என்ற பெயரில் ஓடித் திரிகிறது, ஊரில் ஓடும் ஆற்றுக்கும் அதே பெயர். அந்த மனிதர் எகிப்துப் புராணத்தைப் புரட்டிப் புரட்டித் தற்செயலாக அந்தப் பெயரில் வந்து நின்றார் என்றால் நான் நம்ப மாட்டேன்.

அப்படியானால் மகள் பெயர் என்று வெளிப்படையாக எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. அந்தக் காலத்தில் சிறுகோள் என்றால் புராணத்துப் பெண் பெயர்தான் வைக்க வேண்டும் என்பது வழக்கம். 1850-ல் லண்டனில் ஹிண்ட் என்பவர் தான் கண்டுபிடித்த 12-ஆம் எண் சிறுகோளுக்கு விக்டோரியா என்று வைத்தார். உயிரோடு இருக்கும் ராணியின் பெயரை வானத்தில் வைப்பதா என்று அமெரிக்காவில் சண்டைக்கு வந்தார்கள். அவர் சிரிக்காமல் பதில் சொன்னார்: விக்டோரியா என்பது ரோமானியரின் வெற்றித் தெய்வம். யார் மறுக்க முடியும்? பதிவேட்டில் தெய்வம், மனசுக்குள் ராணி. நம் ஊரில் பேத்திக்குக் குலதெய்வத்தின் பெயரை வைத்துவிட்டு, அது பாட்டியின் பெயராகவும் அமைந்துவிட்டது என்று சந்தோஷப்படுவோமே, அந்த மாதிரிதான். எலிசபெத் என்ற பெயரோடு சிறுகோள் பட்டியலுக்குள் நுழைய முடியாது. ஐசிஸ் நுழையலாம். தெய்வம் என்ற அடையாள அட்டை கையில் இருக்கிறது.

ஆசிரியை எழுதியது சரி. பாப்பா எழுதியதும் சரி. தேம்ஸ்கரைத் தம்பி சொன்ன ஆறும் சரி. அடித்ததுதான் சரியில்லை, அதுவும் சிவப்பு மையால்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி. போக்சன் மதராஸ் அரசாங்கத்தின் வானியலாளராகி 1861-ல் குடும்பத்தோடு இங்கே வந்தார். ஐசிஸுக்கு எட்டு வயது. வந்த வருடமே ஏப்ரல் 17 அன்று அவர் நுங்கம்பாக்கத்தில் இருந்து ஒரு சிறுகோளைப் பிடித்தார். ஆசியாவில் இருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர், எண் 67. அப்புறம் 80 சாஃபோ, 87 சில்வியா, 107 கமில்லா, 1885-ல் 245 வேரா. ஐந்தும் நம் நுங்கம்பாக்கம் சரக்கு. சில்வியாவுக்கும் கமில்லாவுக்கும் தலா இரண்டு குட்டி நிலாக்கள் இருப்பது இந்த நூற்றாண்டில்தான் முழுதாகத் தெரிய வந்தது.

அம்மா 1869-ல் இறந்துவிட்டார். 1873-ல் ஐசிஸ் வானிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார், சம்பளம் 150 ரூபாய். வேலையின் பெயர் என்ன தெரியுமா? கம்ப்யூட்டர். அப்போது கம்ப்யூட்டர் என்றால் மனிதர்தான், மேஜையில் மடக்கை (லாக்) அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறவர். ராத்திரி ஒருவர் தொலைநோக்கியில் நட்சத்திரம் குறுக்கே போகும் நொடியைக் குறித்து வைப்பார். அந்த நொடியை அப்படியே பயன்படுத்த முடியாது. கடிகாரம் எவ்வளவு பிந்துகிறது, காற்று ஒளியை எவ்வளவு வளைத்திருக்கிறது, கருவி எவ்வளவு சாய்ந்திருக்கிறது, ஒவ்வொன்றையும் கழித்துக் கூட்டி எடுத்தால்தான் அந்த நட்சத்திரத்தின் இடம் கிடைக்கும். ஒரு நட்சத்திரத்துக்கு இவ்வளவு. ஆயிரக்கணக்கில் செய்தார்கள்.

1881 முதல் மதராஸ் அரசாங்கத்தின் வானிலை அறிக்கை வேலையும் அவர் தலையில் விழுந்தது. இங்கேதான் எனக்கு அவர் கொஞ்சம் சொந்தக்காரர் ஆகிறார். நானும் அதே வேலைதானே பார்த்தேன். விடிகாலை ஐந்தரைக்கு டார்ச்சோடு வெள்ளை மரப்பெட்டியைத் திறந்து டிரை பல்ப், வெட் பல்ப் என்ற வெப்பமானிகள் இரண்டையும் படிக்க வேண்டும். பெட்டிக்கு நேராக மூச்சு விடக் கூடாது, விட்டால் பாதரசம் ஏறிவிடும். வெட் பல்பில் சுற்றிய மஸ்லின் துணி அழுக்கானால் அளவு பொய் சொல்லும், அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எட்டரைக்கு மழைமானி. கார்த்திகை மழையில் குடை ஒரு கையில், அளவுச் சாடி ஒரு கையில். எழுதும்போதெல்லாம் நினைப்பேன், இதே மண்ணில் அந்த அம்மாவும் கவுன் நனைய நின்றிருப்பார் என்று.

1886-ல் அப்பா அவரை லண்டன் ராயல் வானியல் சங்கத்துக்கு உறுப்பினராக முன்மொழிந்தார். சங்கம் இரண்டு வழக்கறிஞர்களிடம் கேட்டது. 1831-ல் அரசர் கொடுத்த பட்டயத்தில் உறுப்பினரைக் குறிக்கும் இடத்திலெல்லாம் ‘அவன்’ என்றுதான் இருக்கிறது, ஆகவே பெண்ணைச் சேர்ப்பது சட்டப்படி செல்லாது என்று அவர்கள் கருத்துச் சொன்னார்கள். முன்மொழிவைத் திரும்பப் பெற்றார்கள். இத்தனைக்கும் அதே வானிலையத்தில் முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியை 1872-லேயே அந்தச் சங்கம் சேர்த்துக்கொண்டது. அவர் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தவர், முழுத் தகுதி உள்ளவர். கடல் தாண்டி இருந்த நம் ஊர்க்காரருக்குத் திறந்த கதவு, அவர்கள் வீட்டுப் பெண்ணுக்குத் திறக்கவில்லை.

சங்கம் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்தது 1916-ல். ஐசிஸ் உறுப்பினரானது 1920-ல், கல்யாணத்துக்குப் பிறகு வந்த திருமதி கென்ட் என்ற பெயரில், அறுபதைத் தாண்டிய வயதில். முன்மொழிந்தவர் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் டர்னர். பத்து வருடம் கழித்து ஒரு பதினோரு வயதுப் பெண் சொன்ன புளூட்டோ என்ற பெயரை அமெரிக்காவுக்குத் தந்தி அடித்தவரும் இதே டர்னர்தான்.

இப்போது உங்கள் பாப்பாவுக்குப் பிடிக்கும் கணக்கு ஒன்று. 42 ஐசிஸ் சூரியனை ஒரு தடவை சுற்ற 1393 நாள், அதாவது 3.81 வருடம். குழந்தை ஐசிஸ் பிறந்த நாளில் இருந்து கல்லைக் கண்டுபிடித்த நாள் வரை எத்தனை நாள் என்று கூட்டிப் பார்த்தேன். 1333. ஒரு சுற்று முடிய 60 நாள்தான் பாக்கி. அப்பா ஆக்ஸ்ஃபோர்டில் அந்தப் புள்ளியைப் பார்த்தபோது, மகள் பிறந்த அன்று அது எங்கே இருந்ததோ அந்த இடத்துக்குக் கிட்டத்தட்ட வந்து சேர்ந்திருந்தது. மகள் மதராஸில் வேலை பார்த்த 25 வருடத்தில் அது ஆறரைச் சுற்று. சங்கம் அவருக்குக் கதவைத் திறக்க எடுத்துக்கொண்ட 34 வருடம், ஒன்பதுக்குச் சற்றுக் குறைவு. அந்த அம்மா 1945 மே 14 அன்று 92 வயதில் இறந்தார். வாழ்நாள் மொத்தம் ஏறக்குறைய 25 சுற்று.

பாதை வரைவதைத் தனியாக எழுதுகிறேன், கண் எரிகிறது.

பதில் 3: கணக்குப்பிள்ளை மகள்

மழைமானி ஐயா, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒன்றை மறைக்க வேண்டாம். அப்பா தலைவர், மகளுக்கு அதே ஆபீஸில் வேலை. இன்றைக்கு யாராவது இப்படிச் செய்தால் சும்மா விடுவோமா?

பதில் 4: பழைய மழைமானி

விட மாட்டோம் அம்மா, நியாயமான கேள்வி. அப்பா வழியாகத்தான் உள்ளே வந்தார், அதில் சந்தேகமே இல்லை. வேறு வழியாக ஒரு பெண் அந்தக் கட்டடத்துக்குள் வந்திருக்கவும் முடியாது. ஆனால் தேதியைப் பாருங்கள். போக்சன் 1891 ஜூனில் மதராஸிலேயே இறந்துவிட்டார். மகள் ஓய்வு பெற்றது 1898-ல். இடையில் ஏழு வருடம். சிபாரிசு செய்தவர் மண்ணுக்குள் போன பிறகும் மழையை அளந்துகொண்டுதான் இருந்தார். வானியல் வேலை 1899-ல் கொடைக்கானலுக்குப் போனது. அவர் இங்கிலாந்து திரும்பி 1902-ல் ஐம்பதை நெருங்கும் வயதில் கப்பல் கேப்டன் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். எனக்கு அந்தச் செய்தி ரொம்பப் பிடித்தது.

சரி, குமரன் தம்பி, பாதைக்கு வருவோம். நீங்கள் லேத் பிடிக்கிற ஆள், இது உங்களுக்குக் கைவந்த வேலை.

பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைச் சார்ட்டில் 5 செ.மீ. என்று வையுங்கள். ஐசிஸின் சராசரித் தூரம் பூமியைப் போல 2.44 மடங்கு, கிலோமீட்டரில் 36.5 கோடி. பாதை நீள்வட்டம். நீளவாக்கில் 24.4 செ.மீ., குறுக்கே 23.8 செ.மீ. பார்த்தீர்களா, ஆறு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பள்ளிப் புத்தகத்தில் முட்டை மாதிரி வரைந்து வைத்திருப்பார்கள், அப்படியெல்லாம் கிடையாது. கண்ணுக்கு அது வட்டம்தான். வித்தியாசம் எங்கே என்றால், சூரியன் நடுவில் இல்லை. நடுவில் இருந்து 2.7 செ.மீ. தள்ளி உட்கார்ந்திருக்கிறது. உங்கள் பாஷையில் சொன்னால் ஜாப் வட்டமாகத்தான் இருக்கிறது, சக்கில் மாட்டியதில் சென்டர் அவுட்.

வரையும் விதம்: தெர்மோகோல் மேல் சார்ட்டை வைத்து, 5.4 செ.மீ. இடைவெளியில் இரண்டு குண்டூசி குத்துங்கள். நூலை வளையமாக முடிச்சுப் போடுங்கள், வளையத்தின் மொத்த நீளம் 29.8 செ.மீ. அதை இரண்டு ஊசிக்கும் வெளியே மாட்டி, உள்ளே பென்சிலை நுழைத்து, நூல் தொய்யாமல் ஒரு சுற்று. பூக்கட்டும் நூல் வேண்டாம், இழுபடும். நான் முதல் தடவை அதில் போட்டு, பென்சில் புறப்பட்ட இடத்துக்கு வராமல் பக்கத்தில் போய் நின்றது. தூண்டில் நரம்பு நல்லது. ஒரு ஊசியைச் சூரியன் என்று மஞ்சள் அடியுங்கள். இன்னொரு ஊசியைப் பிடுங்கிவிடுங்கள், அங்கே ஒன்றும் கிடையாது. சூரியனைச் சுற்றி 5 செ.மீ. ஆரத்தில் பூமிக்கு ஒரு வட்டம், 7.6-ல் செவ்வாய்க்கு ஒன்று.

இப்போது ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஐசிஸ் சூரியனுக்கு மிக அருகில் வரும்போது 9.5 செ.மீ., மிகத் தள்ளிப் போகும்போது 14.9 செ.மீ. அருகில் வரும்போது நொடிக்கு 24 கிலோமீட்டர் வேகம், தள்ளி இருக்கும்போது 15 கிலோமீட்டர். எட்ட இருப்பவன் சாவகாசமாகத்தானே நடப்பான். பாதை பூமியின் தளத்தோடு எட்டரை டிகிரி சாய்ந்திருக்கிறது, அதைத் தாளில் காட்ட முடியாது, ஒரு வரி எழுதிவிட்டால் போதும். கல்லின் குறுக்களவு சுமார் 100 கிலோமீட்டர், சென்னையில் கிளம்பினால் மதுராந்தகம் தாண்டிப் போகும். தன்னைத் தானே ஒரு தடவை சுற்ற 13.6 மணி நேரம்.

இன்னொன்று, இது பாப்பாவுக்காக. நட்சத்திரத்தின் பிரகாசத்தை அளவு 1, அளவு 2 என்கிறோமே (எண் கூடக் கூட ஒளி மங்கல்), ஐந்து படி என்றால் சரியாக 100 மடங்கு, ஒரு படி 2.512 மடங்கு என்று கணக்கு வகுத்தவர் இதே நார்மன் போக்சன். வகுத்த வருடமும் 1856-தான். மகள் பெயர் கொண்ட கோளையும், அதன் ஒளியை அளக்கும் கோலையும் ஒரே வருடத்தில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கோலால் அளந்தால் ஐசிஸ் நல்ல வருடத்தில் 9-ஐ ஒட்டி வரும், மோசமான வருடத்தில் 11-க்குக் கீழே மங்கிவிடும். வெறும் கண்ணுக்கு 6 வரைதான் எட்டும், ஆகவே தொலைநோக்கி வேண்டும்.

பதில் 5: நந்தினி, இயற்பியல் மூன்றாம் ஆண்டு

ஐயா, ஒரு சின்ன சேர்க்கை. 2.44 என்ற எண் சும்மா இல்லை. பட்டியலில் 2.5 மடங்குத் தூரத்தில் சிறுகோள்களே கிட்டத்தட்ட இருக்காது, கிர்க்வுட் இடைவெளி என்பார்கள். அங்கே இருந்தால் வியாழன் ஒரு சுற்று முடிக்கும்போது கல் சரியாக மூன்று சுற்று முடித்திருக்கும். ஒவ்வொரு முறையும் பாதையின் அதே இடத்தில் வியாழனின் இழுப்பு வந்து விழும், சேர்ந்து சேர்ந்து பாதை நீண்டுகொண்டே போய்க் கடைசியில் கல்லை வெளியே துரத்திவிடும். ஐசிஸ் அந்தப் பள்ளத்துக்குச் சற்று உள்ளே இருக்கிறது. மூன்று சுற்றுக்கு 11.44 வருடம், வியாழனுக்கு 11.86 வருடம். ஐந்து மாதம் முந்திவிடுவதால் சந்திப்பு ஒரே இடத்தில் நடப்பதில்லை, தப்பித்தது.

ஒரு சந்தேகம்: நீங்களே அதைப் பார்த்திருக்கிறீர்களா? சென்னையில் இருந்து தெரியுமா?

பதில் 6: பழைய மழைமானி

நந்தினி, அந்தப் பள்ளத்தின் விளிம்பு எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி.

பார்த்திருக்கிறேன். சென்னையில் வாய்ப்பில்லை. ஆலங்காயத்தில் மச்சினன் வீட்டு மாடியில், காவலூர் வானிலையம் இருக்கும் அதே ஜவ்வாது மலைப் பக்கம், ஆறு அங்குலத் தொலைநோக்கியில். பனிக்காலம், தலையில் மப்ளர். பார்ப்பதற்கு ஒன்றும் பிரமாதம் இல்லை அம்மா, முன்னமே சொல்லிவிடுகிறேன். மற்றப் புள்ளிகளைப் போல அதுவும் ஒரு புள்ளி. மாமியார் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ‘இதுக்கா ராத்தூக்கம் கெட்டே’ என்று கீழே போய்விட்டார்.

எது அது என்று கண்டுபிடிப்பதில்தான் ருசி. முதல் ராத்திரி தெரிந்த புள்ளிகளை எல்லாம் நோட்டில் பென்சிலால் வைத்தேன், பதினேழு புள்ளி. மறுநாள் அதே நேரம், அதே இடம். பதினாறு அப்படியே இருந்தன. ஒன்று மட்டும் மேற்கே நகர்ந்திருந்தது, நிலாவின் அகலத்தில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாக. அவ்வளவுதான். போக்சன் செய்ததும் இதுவேதான், அவரிடம் நட்சத்திர வரைபடம் இருந்தது, கண் இன்னும் கூர்மை. சிறுகோள் வேட்டைக்குப் புகைப்படத் தகடு வர இன்னும் முப்பது சொச்சம் வருடம் இருந்தது.

நகர்ந்தது மேற்கே என்றேன், கவனித்தீர்களா? கோள்கள் பொதுவாகக் கிழக்கே போகும். பூமி வேகமாக ஓடி அதை முந்தும்போது அது பின்னால் போவது போலத் தெரியும், ரயிலில் போகும்போது பக்கத்துத் தண்டவாளத்து மெதுவண்டி பின்னால் நகருமே, அது. பதினாறு மாதத்துக்கு ஒரு தடவை நாம் அதை முந்துகிறோம். அந்த வாரங்கள்தான் பார்க்கச் சரியானவை.

பதில் 7: ஆவடி குமரன்

அனைவருக்கும் நன்றி. சார்ட் முடிந்தது. நீள்வட்டம் மூன்றாவது தடவையில் சரியாக வந்தது. தூண்டில் நரம்பு கிடைக்கவில்லை, கடையில் இருந்து 0.3 மில்லி ஒயர் கொண்டுவந்து போட்டேன், அரை மில்லி பிசகு இல்லை. ‘சென்டர் அவுட்’ என்றதும் எனக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது சார். தலைப்பில் ‘ஒரு கல், ஒரு தெய்வம், ஒரு ஆறு, ஒரு பெண்’ என்று பாப்பாவே எழுதிவிட்டாள். விக்டோரியா சங்கதியைத் தனிக் கட்டம் போட்டு எழுதியிருக்கிறாள், ஆசிரியைக்காக. பார்த்துவிட்டு அவர் அதை வகுப்பிலேயே படிக்கச் சொன்னாராம்.

மழைமானி சார், பாப்பா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள், கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த அம்மா பிறந்ததில் இருந்து இறந்தது வரை நாட்களை எண்ணினாளாம், 33,830 வந்ததாம். 1900 லீப் வருடம் இல்லை என்பதைக்கூடக் கழித்திருக்கிறாள். 1393-ஆல் வகுத்தால் 24 சுற்று, மீதி 398 நாள். இருபத்தைந்தாவது சுற்றில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலேதான் போயிருக்கிறது, நீங்கள் 25 என்று எழுதியிருக்கிறீர்களே என்கிறாள். சார்ட்டில் எதை எழுத? அவள் கணக்கில் அவளுக்கு இப்போது மூன்று சுற்று முடிந்து நாலாவது ஓடிக்கொண்டிருக்கிறதாம்.

பதில் 8: பழைய மழைமானி

24-ஐ எழுதச் சொல்லுங்கள் தம்பி. மீதி 398 நாளையும் எழுதச் சொல்லுங்கள், அதை விடக் கூடாது. நான் கண் எரிகிற நேரத்தில் மனக்கணக்காகப் போட்டு மேலே ஏற்றிவிட்டேன்.

என் பதிலில் இருக்கும் 25-ஐ நான் திருத்தப் போவதில்லை. எங்கள் பதிவேட்டில் ரப்பர் வைத்து அழிப்பது கூடாது. தப்பாக எழுதிவிட்டால் அதன் மேல் ஒரே ஒரு கோடு, தப்பு என்ன என்று படிக்கத் தெரிய வேண்டும், சரியான எண்ணை மேலே எழுதிப் பக்கத்தில் சுருக்கொப்பம். என் 25-க்கு மேலே போட வேண்டிய சுருக்கொப்பம் உங்கள் பாப்பாவுடையது. முதலெழுத்து என்ன என்று மட்டும் சொல்லுங்கள்.